எக்ஸ்ரே ஃபிலிம் வேண்டாம்: 2027 கிரகணம் பற்றி

வணக்கம். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் வழியாக 2027 ஆகஸ்ட் 2 சூரிய கிரகணத்தைப் பையனுக்கு மெரினாவில் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஃபிலிம் வேண்டவே வேண்டாம். வெளிச்சம் மங்கினாலும் அகச்சிவப்புக் கதிர் உள்ளே போகும். விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால் சுடுவதே தெரியாது. சூரியனைப் பார்ப்பதற்கான தரக்குறியான ஐஎஸ்ஓ 12312-2 போட்ட கண்ணாடி, இல்லாவிட்டால் 14ஆம் எண் வெல்டிங் கண்ணாடி வழியாகப் பாருங்கள்.

மெரினாவும் சரிவராது. அன்று கிரகணம் மாலையில். சூரியன் ஊர்ப்பக்கம் இருக்கும், கடல் பக்கம் இல்லை. மேற்கே கட்டடம் மறைக்காத மொட்டைமாடி போதும். முழு கிரகணம் எகிப்தின் லக்சர் பக்கம்தான், ஆறு நிமிடத்துக்கும் மேல். நமக்கு ஓரத்தில் ஒரு கடி மட்டுமே. அட்டையில் ஊசித்துளை போட்டு, அதன் வழியாகச் சூரியனின் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழவிட்டால் பையனே பிடித்துப் பார்ப்பான்.

கண்ணாடி இல்லாமல் பார்க்க 2028 டிசம்பர் 31 இரவு முழுச் சந்திர கிரகணம் இருக்கிறது. பத்தரை மணி வாக்கில் நிலா செம்பு நிறம். புத்தாண்டுக் கூட்டத்தோடு அப்போது மெரினா போங்கள்.