மூவாயிரம் கடலையில் ஒன்றிரண்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உடுமலைப் பக்கம் பனிக் கடலை போடுகிறோம். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கொண்டைக்கடலை ரகங்களின் டி.என்.ஏ. முழுவதையும் படித்துவிட்டதாகச் செய்தி பார்த்தேன். அப்படியென்றால் வறட்சி தாங்குகிற ஜீன், வாடல் நோய் தாங்குகிற ஜீன் எல்லாம் கையில் இருக்க வேண்டுமே, புது விதை வர ஏன் இவ்வளவு தாமதம்?

பதில்: நீங்கள் பார்த்தது 2021-ல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வந்த ஆய்வாக இருக்கும். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று செய்தது. மொத்தம் 3,366 ரகங்கள், அதில் 195 காட்டு வகை, மீதி எல்லாம் பயிர். பெரிய வேலைதான், ஆனால் படித்துவிட்டால் புரிந்துவிட்டது என்று ஆகாது.

சிக்கல் எங்கே என்றால், ஒரு ஜீனுக்கும் ஒரு குணத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று கணக்குப் போட, அந்த ஜீனின் குறிப்பிட்ட ஒரு வடிவம் நிறைய ரகங்களில் இருக்க வேண்டும், இல்லாத ரகங்களும் நிறைய இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட முடியும். மூவாயிரத்தில் ஐந்தாறு ரகங்களில் மட்டும் ஒரு வடிவம் இருந்தால், அந்த ஐந்தும் வறட்சியில் நன்றாக நின்றாலும் அது ஜீனாலா, அந்தப் பாத்தி மண்ணாலா, தற்செயலா என்று கணக்கு சொல்லாது. போதாததற்கு, அரிய வடிவங்களை டி.என்.ஏ. படிக்கும்போது விழுந்த பிழை என்று நினைத்துக் கணக்கு தொடங்கும் முன்பே வடிகட்டிவிடுவதும் வழக்கம். நாம் தேடுவது பல நேரம் அந்தக் குப்பையில்தான் கிடக்கிறது.

அதனால் வேறு வழியில் போகிறார்கள். அரிய வடிவம் உள்ள ரகத்தைச் சாதாரண ரகத்தோடு கலப்பு செய்து, சந்ததியைத் தலைமுறை தலைமுறையாகத் தன் மகரந்தத்திலேயே விட்டு நிலைப்படுத்தினால், ஏறத்தாழ பாதிச் செடிகளில் அந்த வடிவம் வந்துவிடும். ஆயிரத்தில் ஒன்றாக இருந்தது இப்போது இரண்டில் ஒன்று, கணக்கும் பேச ஆரம்பிக்கும். எட்டுப் பெற்றோரை மாற்றி மாற்றிக் கலந்தும் கொண்டைக்கடலையில் இப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தலைமுறையும் விதைத்து அறுக்க வேண்டியதுதானே, தாமதம் அங்கேதான்.

கேள்வி: அரிதாக இருக்கிற ஜீன் என்றாலே உயர்ந்தது என்று அர்த்தமா?

பதில்: இல்லை, பெரும்பாலும் நேர் எதிர். கெடுதல் செய்கிற மாற்றம் பரவாது, அதனாலேயே அரிதாக இருக்கிறது. அந்த 2021 ஆய்விலேயே இப்படிப்பட்ட கெட்ட மாற்றங்கள் எங்கெங்கே சேர்ந்திருக்கின்றன என்று தேடி, அவற்றைக் களைவதும் ஒரு முன்னேற்றம்தான் என்கிறார்கள். அதுவும் சரிதான்.

ஆனால் கெட்டுப்போன ஜீன் எல்லாம் வீண் என்றும் முடிவு கட்டாதீர்கள். பார்லியில் எம்.எல்.ஓ. என்ற ஜீன் செயலிழந்தால் சாம்பல் நோய் அண்டாது என்பது முன்பே தெரியும். சாம்பல் நோயைத் தாங்குகிற பட்டாணி ரகங்களை எடுத்துப் பார்த்தால், அங்கேயும் அதே வகை ஜீன்தான் பழுதாகிக் கிடந்தது! இந்த மாதிரி எந்த ஜீனைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால் கணக்கே வேண்டாம், டி.என்.ஏ. பட்டியலில் அந்த ஒரு ஜீன் மாறியிருக்கிற ரகங்களை மட்டும் பொறுக்கி வயலில் போட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: இது மரபணு மாற்றுப் பயிர்தானே? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

பதில்: இல்லை. டி.என்.ஏ. படிப்பது எதை எதோடு கலப்பது என்று தெரிந்துகொள்ள. கலப்பு பழையபடி கையால்தான். கடலைப் பூ மலர்வதற்கு முன்பே, மொட்டாக இருக்கும்போது, இடுக்கியால் இதழை விலக்கி உள்ளே இருக்கும் பத்து மகரந்தப் பைகளையும் சூல்முடியில் கீறல் விழாமல் எடுக்க வேண்டும். அத்தனை பாடுபட்டாலும் பாதிக்கு மேல் மொட்டு உதிர்ந்துவிடும்.

2019-ல் இப்படி இரண்டு ரகங்கள் வந்தன. பூசா 10216-ல், ஐ.சி.சி. 4958 என்ற ரகத்திலிருந்து வறட்சி தாங்கும் டி.என்.ஏ. பகுதியை பூசா 372-க்குள் கொண்டுவந்தார்கள். இன்னொன்று சூப்பர் அன்னிகேரி 1. கர்நாடக விவசாயிகள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த அன்னிகேரி என்ற பழைய ரகத்துக்கு வாடல் நோய்தான் எமன், அதைத் தாங்கும் குணம் மட்டும் வேறொரு ரகத்திலிருந்து சேர்க்கப்பட்டது.

கேள்வி: எங்கள் வீட்டில் மாமியார் காலத்து நாட்டு உளுந்து கொஞ்சம் விதைத்துக்கொண்டிருக்கிறோம். இதையெல்லாம் யாராவது கேட்பார்களா, நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. விதை வங்கிகளில் எல்லாவற்றையும் ஆராய முடியாது என்று மொத்தத்துக்கும் மாதிரியாகச் சிறு தொகுப்பு ஒன்றை எடுத்து வைப்பார்கள். அதில் பரவலான ஜீன்கள் வந்துவிடும், அரியவை நழுவிவிடும். அவை மிஞ்சுவது உங்கள் வீட்டு மாதிரி இடங்களில்தான். புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் தேசிய பயறு வகைகள் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். கொடுக்கிற விதையை நன்றாகக் காய வையுங்கள், ஊர்ப் பெயரும் விதைக்கிற பட்டமும் எழுதி வையுங்கள். அப்புறம், அரிய ஜீன் எந்தச் செடியில் இருக்கும் என்று பார்த்தால் தெரியாது, அதனால் செழிப்பான செடியாகப் பார்த்து அதில் மட்டும் நெற்று பறிக்காமல், வயல் முழுக்க நடந்து, நோஞ்சான் செடியிலும் இரண்டு நெற்று சேர்த்துப் பறியுங்கள்.