காருக்குப் பின்னால் ஜெனரேற்றர் பூட்டினால் கொழும்பு போகலாமா?

கேள்வி: என்னிடம் 24 கிலோவாற் மணி பற்றரியுள்ள பழைய நிசான் லீஃப் கார் இருக்கிறது. முழு மின்னேற்றத்தில் இப்போது 90 கிலோமீற்றர்தான் ஓடுகிறது. மாதம் ஒருமுறை கொழும்புக்குப் போக வேண்டும். சிறிய ட்ரெயிலரில் ஜெனரேற்றரை ஏற்றி, ஓடும்போதே மின்னேற்றலாம் என்கிறார் கராஜ்காரர் ஒருவர். இது சிக்கனமாகுமா? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: வீட்டு ஜெனரேற்றரை வைத்துச் செய்வதாயின் ஆகாது. அதற்கு முன்னர் ஒரு தடையும் இருக்கிறது: மின்னேற்றும் செருகி மாட்டியிருக்கும்வரை லீஃப் ஓடும் நிலைக்கு மாறாது. ஓடும்போதே மின்சாரம் கொடுக்க வேண்டுமானால், சுமார் 360 வோல்ற்று நேரோட்டம் பாயும் பற்றரிக் கம்பிகளில் நேரடியாக இணைக்க வேண்டும். அது உயிரைப் பறிக்கக்கூடிய வேலை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த இணைப்பை ஒருவர் சரியாகவே செய்து தந்தார் என்று வைத்துக்கொண்டு கணக்கைப் பார்ப்போம். உங்கள் கார் 100 கிலோமீற்றருக்கு 15 கிலோவாற் மணி எடுப்பதாகக் கொண்டால், பற்றரியில் பயன்படும் மின்சாரம் 13.5 கிலோவாற் மணி. ட்ரெயிலரின் பாரமும் அது காற்றோடு மல்லுக்கட்டுவதும் சேர, மின்செலவு 18 கிலோவாற் மணியாக உயரலாம். சோழகக் காற்று வீசும் மாதங்களில் ஆனையிறவு வெளியைக் கடப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போனால் கார் கேட்பது ஏறத்தாழ 11 கிலோவாற். மூன்று கிலோவாற் ஜெனரேற்றர், இழப்புகள் போக, 2.6 கொடுக்கும், மீதி எட்டும் பற்றரியிலிருந்தே போகும். ஒன்றேமுக்கால் மணித்தியாலத்துக்குள் பற்றரி தீர்ந்துவிடும், நீங்கள் ஓடியிருப்பது ஏறக்குறைய 100 கிலோமீற்றர். அதாவது, கிட்டத்தட்ட மூன்று லீற்றர் பெற்றோலை எரித்து, அந்த இரைச்சலையும் வழிநெடுக இழுத்துச் சென்று, நீங்கள் கூடுதலாகப் பெற்றது பத்துக் கிலோமீற்றர்!

காரணம் எளியது. ஒரு லீற்றர் பெற்றோலில் சுமார் 9 கிலோவாற் மணி வெப்ப ஆற்றல் இருக்கிறது. சிறிய ஜெனரேற்றர் அதில் ஐந்திலொரு பங்கைத்தான் மின்சாரமாக்கும், மீதி புகையாகவும் சூடாகவும் போய்விடும். பெரிய ஜெனரேற்றரைப் பூட்டி முழுத் தேவையையும் அதிலிருந்தே எடுத்தாலும், இதே திறனில் லீற்றருக்கு எட்டு, ஒன்பது கிலோமீற்றருக்கு மேல் வராது. அதே வீதியில் ஒரு சாதாரண ஆல்டோ 15க்குக் குறையாமல் ஓடும்.

இந்த எண்ணமே பிழையென்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஏசி புரொபல்ஷன் நிறுவனம் 1990களில் 500 சிசி கவாசாகி எஞ்சின் பூட்டிய, 20 கிலோவாற் தரும் ட்ரெயிலரை உருவாக்கியது. அது லீற்றருக்கு ஏறத்தாழ 13 முதல் 17 கிலோமீற்றர் கொடுத்தது. 2013இல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3 காரின் ஒரு வகையில் 647 சிசி எஞ்சினை உள்ளேயே வைத்தார்கள். இவற்றில் எஞ்சின் தனக்கு உகந்த சுமையிலும் சுழற்சியிலும் ஓடுகிறது. மின்சாரத்தில் பெரும்பகுதி பற்றரிக்குள் போய்த் திரும்பாமல் நேரே மோட்டாருக்குப் போகிறது. அப்படியிருந்தும் கிடைப்பது ஒரு நல்ல பெற்றோல் காரின் சிக்கனந்தான். ட்ரெயிலரின் ஒரே இலாபம், மாதத்தின் மற்ற நாள்களில் எஞ்சினைச் சுமக்காமல் ஓடலாம் என்பது. மாதம் ஒரு பயணத்துக்கு அந்தச் செலவு கட்டாது. காரை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் போவது மலிவு.

அவசரத்துக்கென்றால், ஜெனரேற்றரைக் கார் நின்றிருக்கும்போது பயன்படுத்துங்கள். முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, ஒரு மணித்தியாலம் இளைப்பாறினால், ட்ரெயிலர் இல்லாமல் 17 கிலோமீற்றர் ஓடுவதற்கான மின்சாரம் ஏறும். நிலத்தொடுப்பு (எர்த்) இல்லாத ஜெனரேற்றரை மின்னேற்றி ஏற்க மறுக்கக்கூடும் என்பதால், புறப்படுமுன் வீட்டு முற்றத்திலேயே ஒருமுறை பரீட்சித்துப் பாருங்கள்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் பற்றரியை மாற்றுவதுதான். உங்கள் காருக்கு 40 கிலோவாற் மணிப் பற்றரியையும் பொருத்தலாம். நல்ல நிலையில் உள்ளது கிடைத்தால், வழியில் ஒரு முறை விரைவாக மின்னேற்றிக்கொண்டு கொழும்பை எட்டிவிடுவீர்கள். கராஜ்காரர் ட்ரெயிலருக்கு எவ்வளவு கேட்கிறார் என்பதை அந்தப் பற்றரியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அவருக்கு முற்பணம் கொடுங்கள்.