எஸ்ஜிபிடி இறங்குகிறது, ஐஎன்ஆர் ஏறுகிறது: ஐசியுவில் இருக்கும் தம்பியை இப்போது இடம் மாற்றலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. மஞ்சள் காமாலை வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஹெபடைடிஸ் ஏ என்று சொன்னார்கள். முதல் ஐந்து நாள் வீட்டிலேயே நாட்டு மருந்தும் பத்தியமுமாக வைத்திருந்தோம். இரண்டு நாளாக ஐசியுவில் இருக்கிறான். எந்நேரமும் தூக்கம், எழுப்பினால் எரிந்து விழுகிறான். எஸ்ஜிபிடி 3,800-லிருந்து 900-க்கு இறங்கியிருக்கிறது, எங்களுக்கு அது நிம்மதி. ஆனால் ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 4.2 ஆகிவிட்டது. பிளாஸ்மா ஏற்றச் சொன்னால் மறுக்கிறார்கள். கல்லீரல் மாற்று மையத்துக்குக் கொண்டுபோங்கள் என்கிறார்கள். இந்த நிலையில் அவனை அசைக்கலாமா?
– ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: கொண்டுபோங்கள், இன்றைக்கே. உங்களிடம் இதைப் போனில் சொல்லிவிட்டேன். இதே நிலையில் நிற்கும் மற்றக் குடும்பங்களுக்கும் உதவும் என்பதால் காரணங்களோடு எழுதுகிறேன்.

முதலில் எஸ்ஜிபிடி. இது கல்லீரல் செல்கள் சாகும்போது ரத்தத்தில் கசியும் ஒரு நொதி. கல்லீரல் தேறினாலும் இந்த எண் இறங்கும், கசிவதற்குச் செல்களே மிச்சமில்லை என்றாலும் இறங்கும். இரண்டில் எது என்பதை ஐஎன்ஆரும், காமாலையில் உடலை மஞ்சளாக்கும் நிறமியான பிலிருபினும்தான் சொல்லும். அவையும் சேர்ந்து இறங்கினால் நல்ல செய்தி. எஸ்ஜிபிடி மட்டும் இறங்கி மற்ற இரண்டும் ஏறினால், அது ஆபத்தின் அறிகுறி. "நம்பர் பாதியாகிவிட்டது டாக்டர்" என்று குடும்பத்தார் முகம் மலர்ந்து சொல்லும்போது இதை விளக்குவது எனக்கு ஒவ்வொரு முறையும் கஷ்டமாக இருக்கும். ஆனால் சொல்லாமல் விட்டால் பொன்னான ஒரு நாள் கைவிட்டுப் போய்விடும்.

அடுத்து பிளாஸ்மா, அதாவது உறையவைக்கும் புரதங்கள் அடங்கிய ரத்தத்தின் நீர்ப்பகுதி. உங்கள் டாக்டர் கவனக்குறைவாக இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். ரத்தம் உறைய வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவற்றைத் தயாரிப்பது கல்லீரல். அவற்றில் ஒன்றான ஏழாம் காரணி சில மணி நேரத்திலேயே தீர்ந்துபோகும், கல்லீரல் புதிதாகச் செய்தால்தான் உண்டு. ஆகவே ஐஎன்ஆர் என்பது இந்தக் கல்லீரலிடம் இன்று எவ்வளவு தெம்பு இருக்கிறது என்பதன் கணக்கு. பிளாஸ்மா ஏற்றினால் இரவல் புரதத்தால் எண் சில மணி நேரம் அழகாகத் தெரியும். கல்லீரல் தேறுகிறதா, மாற்று வேண்டுமா என்று முடிவெடுக்க உதவும் முக்கியமான அளவுகோல் அதனால் மறைந்துவிடும். இன்னொன்றும் உண்டு. ரத்தத்தை உறையவிடாமல் தடுக்கும் புரதங்களையும் கல்லீரல்தான் செய்கிறது, அவையும் குறைந்திருக்கும். அதனால் 4.2 என்ற எண் பயமுறுத்தும் அளவுக்கு இவர்களுக்குத் தானாக ரத்தம் கசிவதில்லை. கசிவு தொடங்கினாலோ, ஊசி குத்திச் செய்யும் பெரிய சிகிச்சை இருந்தாலோ பிளாஸ்மா தருவார்கள். நரம்பு வழியாக வைட்டமின் கே போட்டார்களா என்று மட்டும் கேளுங்கள், பெரும்பாலும் போட்டிருப்பார்கள்.

பிளாஸ்மா மாற்று சிகிச்சை என்று டாக்டர்கள் சொன்னால் அது வேறு. அதில் நோயாளியின் பிளாஸ்மாவை இயந்திரம் வழியாக வெளியே எடுத்துவிட்டு, கொடையாகப் பெற்ற பிளாஸ்மாவைச் செலுத்துவார்கள். பெரிய அளவில் மூன்று நாள் இதைச் செய்து பார்த்த ஆய்வு 2016-இல் வெளியானது. அதில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 58.7 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள், பெறாதவர்களில் 47.8 சதவீதம். இந்த வசதியும் மாற்று மையங்களில்தான் நன்றாக அமைந்திருக்கும்.

சரி, அவசரம் எதற்கு? மூளைக்காக. கல்லீரல் நின்றால் அம்மோனியா ரத்தத்தில் சேர்கிறது. மூளையில் உள்ள துணைச் செல்கள் அதை உறிஞ்சி, கூடவே தண்ணீரையும் இழுத்து வீங்குகின்றன. மண்டையோட்டுக்குள் வீங்க இடம் கிடையாது. தூக்கம், எரிச்சல், பகலிரவு மாறிப்போவது எல்லாம் இதன் முதல் இரண்டு நிலைகள். மூன்றாம் நிலையில் தட்டி எழுப்பினால்தான் கண் திறப்பார், பேச்சு குழறும். நான்காவது கோமா. முதல் நிலையிலிருந்து மூன்றாவதுக்குப் போக சில மணி நேரம் போதும்.

நான் இப்படிப்பட்ட நோயாளியிடம் காலையிலும் மாலையிலும் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்வேன். காலையில் கோட்டின் மேல் நேராக நின்ற பெயர், மாலையில் கீழே சரிந்து கடைசி எழுத்து விட்டுப்போயிருக்கும். ஸ்கேன் எடுக்கும் முன்பே அந்தத் தாள் சொல்லிவிடும். அதையும் முந்தி வீட்டார் கண்டுபிடித்துவிடுவார்கள்: "இவன் இப்படி யாரையும் வாடா போடா என்று பேசுபவன் இல்லை டாக்டர்." நீங்கள் எழுதிய "எரிந்து விழுகிறான்" அதுதான். எரிச்சலை அடக்கத் தூக்க ஊசி போடச் சொல்லாதீர்கள். போட்டால் மருந்தால் தூங்குகிறானா, மூளை வீக்கத்தால் தூங்குகிறானா என்று தெரியாமல் போகும்.

இன்று உங்கள் தம்பி இரண்டாம் நிலையில் இருப்பதாகத் தெரிகிறது. இடம் மாற்றப் பாதுகாப்பான நேரம் இதுதான். கிளம்பும் முன் மூன்றாம் நிலைக்குப் போய்விட்டால் மூச்சுக்குழாய் போட்டு வென்டிலேட்டரோடுதான் அனுப்ப வேண்டும், அதற்காகத் தயங்க வேண்டாம். வென்டிலேட்டர் என்றதும் எல்லாம் முடிந்தது என்று அழ ஆரம்பித்துவிடுகிறார்கள். இங்கே அது நுரையீரலுக்காக அல்ல, சுயநினைவு குறையும்போது எச்சில் மூச்சுக்குழலில் இறங்காமல் காக்க.

ஆம்புலன்ஸில் டாக்டர் ஒருவர் கட்டாயம் வர வேண்டும். வழியில் நான் அதிகம் பயப்படுவது சர்க்கரை குறைவதற்கு. சர்க்கரையைச் சேமித்து வைத்துத் தருவது கல்லீரல்தான், அது நின்றால் திடீரென்று இறங்கும். டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது, மணிக்கு ஒருமுறை விரலில் குத்திப் பார்க்க வேண்டும். தலைப்பக்கம் 30 டிகிரி உயர்ந்திருக்கட்டும், கழுத்து நேராக இருக்கட்டும். கண்மணியில் டார்ச் அடித்து அடிக்கடி பார்க்க வேண்டும். என்-அசிட்டைல் சிஸ்டீன் தொடங்கியிருந்தால் அதுவும் தொடரட்டும். இது பாராசிட்டமால் நஞ்சுக்குக் கொடுக்கும் முறிவு மருந்து. ஆனால் கல்லீரல் பாதிப்புக்குப் பாராசிட்டமால் காரணமாக இல்லாவிட்டாலும், முதல் இரண்டு நிலைகளில் கொடுத்தால் மாற்று அறுவை இல்லாமலே பிழைப்பவர்கள் அதிகம் என்று 2009-இல் வந்த ஆய்வு காட்டியது. மூன்றாம் நிலை தாண்டியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அங்கே போனால் உடனே அறுவை என்று அர்த்தமில்லை. ஹெபடைடிஸ் ஏ-யில் கல்லீரல் தானாகவே மீண்டு வளர்ந்து குணமாகிறவர்கள் நிறைய பேர். சோடியத்தை உயர்த்தி மூளை வீக்கத்தைக் கட்டுப்படுத்துவது, டயாலிசிஸ் இயந்திரத்தால் அம்மோனியாவை இறக்குவது, தொற்று வராமல் பார்ப்பது என்று நாட்களைச் சம்பாதித்துக் கொடுப்பார்கள். அதற்குள் தேறாவிட்டால் கையருகே தயாராக இருக்க வேண்டியது மாற்று. அதனால் இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்: மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரலுக்கு அவசரப் பட்டியலில் பதிவு, குடும்பத்தில் கொடையாளர் பரிசோதனை. 1994 சட்டப்படி உடன்பிறந்தவர் நெருங்கிய உறவு, ஆகவே நீங்கள் தரலாம். ரத்தப் பிரிவு பொருந்த வேண்டும், பாசிடிவ் நெகடிவ் வேறுபாடு தடையில்லை. உங்கள் கல்லீரலில் கொழுப்பு அதிகம் இருக்கக் கூடாது. ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் திட்டத்தில் கல்லீரல் மாற்றும் அடங்கும்.

நாட்டு மருந்தை மறைக்காதீர்கள். பொட்டலம் மிச்சமிருந்தால் எடுத்துப்போய்க் காட்டுங்கள், காய்ச்சலுக்குப் போட்ட மாத்திரையின் பெயரையும் சொல்லுங்கள். யாரும் உங்களைத் திட்டுவதற்காகக் கேட்பதில்லை. ஹெபடைடிஸ் ஏ வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டிலேயே குணமாகிறார்கள், நீங்களும் அப்படித்தான் நம்பியிருப்பீர்கள். ஆனால் இனிமேல் டியூப் வழியாகக்கூட எந்தச் சாறும் கொடுக்க வேண்டாம்.

அப்புறம் ஒன்று. வீட்டில் மற்றவர்கள் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். கூட இருந்தவர்களில் இந்த நோய் வராதவர்கள், தடுப்பூசி போடாதவர்கள் இருந்தால், தொடர்பு ஏற்பட்ட இரண்டு வாரத்துக்குள் போட்டால்தான் ஊசி பயன்படும். குழந்தைகளுக்கு முதலில் கேளுங்கள்.