கம்பியை விட்டால் கசடு வருகிறதே, அது பூச்சிமருந்தா?

கேள்வி: எங்கள் வீட்டு போர்வெல் வயலை ஒட்டி இருக்கிறது. ஆர்ஓ மெஷின் விற்க வந்தவர் எங்கள் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு கரண்ட் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் செங்காவி நிறத்தில் கசடு திரண்டது. "எல்லாம் வயலுக்கு அடிக்கிற மருந்து" என்றார். அவருடைய மெஷின் தண்ணீர் மட்டும் தெளிவாகவே இருந்தது. டிடிஎஸ் மீட்டர் 640 காட்டியது. வாங்கிவிடலாமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: அவசரப்படாதீர்கள். அந்தக் கசடு கம்பியில் இருந்து வந்த இரும்பு. உப்புள்ள தண்ணீரில் கரண்ட் பாயும்போது கம்பி கரைந்து துருவாகிறது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, கரண்ட் சரியாகப் பாயாது, நிறமும் மாறாது. அவர் மறுபடி வந்தால், அவருடைய தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் செங்காவிதான்!

டிடிஎஸ் மீட்டரும் கரைந்த உப்பைத்தான் கணக்கிடுகிறது, அதுவும் லிட்டருக்கு மில்லிகிராமில். பூச்சிமருந்தின் கணக்கு மைக்ரோகிராம், அதாவது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, பூச்சிக்கொல்லிகளில் மோனோகுரோட்டோபாஸுக்கு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், குளோர்பைரிபாஸுக்கு 30, நெல் வயல் களைக்கொல்லியான பியூட்டாகுளோருக்கு 125 என்று வரம்பு வைத்திருக்கிறது. லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பது 10 லட்சம் லிட்டரில் ஒரு கிராம். அவ்வளவு தண்ணீருக்கு 12,000 லிட்டர் டேங்கர் லாரி எண்பதுக்கும் மேல் வேண்டும். முந்நூறு ரூபாய் மீட்டரில் இது எப்படித் தெரியும்?

இதை அளக்க, கலந்துள்ள வேதிப்பொருட்களைப் பிரித்து அடையாளம் காணும் ஜிசி-எம்எஸ், எல்சி-எம்எஸ் கருவிகள் உள்ள ஆய்வகம் வேண்டும். ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறது என்று போர்டு மாட்டியிருந்தால் போதாது. தண்ணீரில் பூச்சிமருந்து எச்சம் பார்ப்பதற்கே அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். சுற்றுவட்டாரத்தில் என்னென்ன மருந்து அடிக்கிறார்கள் என்று உரக்கடையில் விசாரித்து, அந்தப் பெயர்களைச் சொல்லிப் பரிசோதிக்கக் கேளுங்கள். பட்டியலில் இல்லாத மருந்தை யாரும் தேட மாட்டார்கள். ரிப்போர்ட்டில் "கண்டறியப்படவில்லை" என்று வந்தால், எந்த அளவு வரை அவர்களால் கண்டறிய முடியும் என்பதையும் பாருங்கள். அந்த அளவு வரம்பைவிட அதிகமாக இருந்தால் ரிப்போர்ட்டால் பயனில்லை.

மாதிரியை ஆய்வகம் தரும் பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். சில மருந்துகள் அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மருந்தடித்து மழையும் பெய்த பிறகு எடுத்தால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

செலவு சில ஆயிரம் ஆகும். அதனால் முதலில் சாதாரணப் பரிசோதனையில் நைட்ரேட் பாருங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால், வயல் உரமோ கழிவுநீரோ கிணற்றுக்கு இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். அப்படியானால் பெரிய பரிசோதனைக்குப் பணம் கட்டலாம்.

பூச்சிமருந்தை நீக்கக் கொதிக்க வைப்பதையோ யூவி விளக்கையோ நம்ப வேண்டாம். ஆக்டிவேட்டட் கார்பன் (கரி) ஃபில்டரும் ஆர்ஓவும் பெருமளவு குறைக்கும், கார்பனைக் காலத்தில் மாற்றினால். மெஷின் வாங்குவதாக இருந்தால் ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு வாங்குங்கள், அந்தக் கம்பிக்காரரிடம் வேண்டாம்.