கிராஃப்ட் பீருக்கு 40 வெள்ளி கொடுக்கலாம், தேதியைப் பார்த்துவிட்டு

"கோலாலம்பூர் பார்களில் ஒரு கிளாஸ் கிராஃப்ட் பீருக்கு 40 வெள்ளி வாங்குகிறார்கள். அந்தக் காசுக்கு அது தகுமா, இல்லை எல்லாம் பந்தாதானா?" இதுதான் கேள்வி. கிராஃப்ட் பீர் என்றால் சின்ன ஆலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சும் பீர். கேட்டவர் அநேகமாக வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச வருஷமான தம்பியாக இருக்க வேண்டும். ஆபீஸ் கூட்டாளிகள் பார்கள் நிறைந்த பங்சாருக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள், பில் வந்ததும் வயிறு எரிந்திருக்கும்.

தகும் தம்பி. ஆனால் அந்த பீர் கெடாமல் உங்கள் கைக்கு வந்திருந்தால்தான் தகும். நம் ஊரில் கெட்டுப்போனதையும் அதே விலைக்கு விற்கிறார்கள், கேட்டால் நமக்குத்தான் ருசி தெரியவில்லை என்கிறார்கள். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் நான் உட்கார்ந்து எழுதுவதற்கு அதுதான் காரணம்.

குடியை வளர்க்கிறான் என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தோட்டத்தில் பிறந்தவன். குடி ஒரு தோட்டத் தொழிலாளியின் லயத்து வீட்டை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். குடிக்காதவர்கள் குடிக்காமலே இருங்கள், அதைவிட நல்லது இல்லை. குடிக்கிறவர் ஒருவர் காசைப் பற்றிக் கேட்டிருக்கிறார், அவருக்குச் சொல்கிறேன்.

முதலில் வரி. பார் முதலாளிகளிடம் விலையைப் பற்றிக் கேட்டால் உடனே "டியூட்டி, பாஸ்" என்பார்கள். மலேசியாவில் பீருக்கான கலால் வரி போத்தல் விலையை வைத்துக் கணக்கிடுவது இல்லை, அதில் இருக்கும் ஆல்கஹால் அளவை வைத்துத்தான். 2016 மார்ச் முதல் தூய ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 175 வெள்ளி என்று இருந்தது, 2025 நவம்பரில் அதன் மேல் 10 சதவீதம் ஏற்றினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கோப்பிக் கடையில் வாங்கும் 320 மில்லி டின், 5 சதவீதம் என்றால் அதில் கலால் வரி 3 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். அதே 5 சதவீத கிராஃப்ட் பீர் 320 மில்லிக்கும் அதே 3 வெள்ளிதான். 8 சதவீதத்தில் 440 மில்லி டின் என்றால் ஏறக்குறைய 7 வெள்ளி. விற்பனை வரி தனி, அது விலையோடு சேர்ந்து ஏறும். ஆக வரி பெரிய பாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே அளவு ஆல்கஹால் உள்ள இரண்டு பீரில் ஒன்று 10 வெள்ளி, இன்னொன்று 40 வெள்ளி என்றால் அந்த 30 வெள்ளி இடைவெளிக்குக் கலால் வரியைக் காட்டக் கூடாது.

அப்படியானால் மிச்சக் காசு எங்கே போகிறது? ஒரு பகுதி நியாயமாகவே பொருளுக்குப் போகிறது. பெரிய ஆலைகளில் காய்ச்சும் சாதாரண லாகர் வகை பீரில், மால்ட் என்கிற முளைகட்டி உலர்த்திய பார்லியோடு அரிசி, சோளம், சர்க்கரை என்று ஏதாவது சேர்ப்பது பல நாடுகளில் உள்ள வழக்கம், ஹாப்ஸ் பூவும் லிட்டருக்கு ஓரிரண்டு கிராம் இருந்தால் அதிகம். நீங்கள் குடித்தது ஐபிஏ என்றால், ஹாப்ஸைத் தூக்கலாகப் போட்டுக் காய்ச்சும் பீர் வகை அது, அதிலும் கலங்கலாக, பழச்சாறு மாதிரி இருக்கும் வகையில், லிட்டருக்கு பத்துப் பதினைந்து கிராமும் அதற்கு மேலும் போடுவார்கள். காய்ச்சும்போது போடுவது கசப்புக்கு, ஆறிய பிறகு போடுவது வாசனைக்கு. ஹாப்ஸ் கொடி நம் வெயிலில் ஒழுங்காக விளையாது. அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கு, ஜெர்மனியின் ஹாலர்டாவ், நியூசிலாந்தின் நெல்சன் என்று குளிர்ப் பிரதேசத்திலிருந்துதான் வர வேண்டும். ஆகவே பீரை இங்கேயே காய்ச்சினாலும் மால்ட்டும் ஹாப்ஸும் கப்பலில்தான் வரும். அதை ஆயிரக்கணக்கான லிட்டரில் காய்ச்சுகிறவரும் லட்சக்கணக்கான லிட்டரில் காய்ச்சுகிறவரும் ஒரே விலைக்கு விற்க முடியாது. இதுவரைக்கும் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை குளிரில்தான் ஆரம்பிக்கிறது. நான் கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் சரக்கை அனுப்பி எடுத்துக் கொடுக்கும் பார்வடிங் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், கண்டெய்னர்தான் எனக்குச் சோறு போடுகிறது. சாதாரண இரும்புப் பெட்டி ஒன்று யார்டில் வெயிலில் நின்றால் உள்ளே 50 டிகிரிக்கு மேல் போகும். ரீஃபர் என்கிற குளிர்ப்பெட்டியில் போட்டால் சரக்குக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் வாடகை கூட, துறைமுகத்தில் நிற்கிற ஒவ்வொரு நாளும் மின்சாரத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும். பீர்க்காரர்களிடம் 3-30-300 என்று ஒரு கணக்கு உண்டு. 32 டிகிரியில் 3 நாள் இருந்தாலும், 22 டிகிரியில் 30 நாள் இருந்தாலும், 3 டிகிரியில் 300 நாள் இருந்தாலும் பீருக்கு ஆகிற சேதம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அர்த்தம். இது உத்தேசக் கணக்கு, ஆய்வகத்துத் துல்லியம் இல்லை, ஆனால் நம் ஊர் வெயிலை நினைத்துப் பாருங்கள். நம் வீட்டுக்குள் சாதாரண மத்தியானமே 30 டிகிரி. யாரோ குளிர்ப்பெட்டிக் காசை மிச்சம் பிடித்தால், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும்போதே அந்த ஐபிஏவின் வாசனை போய்விடும். ஹாப்ஸ் வாசனை பிரிக்பீல்ட்ஸில் வாங்குகிற மல்லிகைச் சரம் மாதிரி, விலையைக் குறைத்தாலும் ஏற்றினாலும் அதற்கு உள்ள நேரம் அவ்வளவுதான்.

இப்போது என் தாய்மாமா விஷயத்துக்கு வருகிறேன். அவர் லோரி ஓட்டியவர். ஈப்போ, ஜொகூர், குவாந்தான் என்று பெட்டி பெட்டியாகச் சரக்கு ஏற்றி இறக்கியே காலத்தை ஓட்டியவர். என்னைப் படிக்க வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் வேலையை விட்டு ஓய்வெடுத்தபோது நல்ல இடமாகக் கூட்டிக்கொண்டு போய் நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பங்சார் பக்கம் ஒரு பார். பெயர் வேண்டாம்.

உட்கார்ந்ததும் பரிமாறுகிற பையன் மெனுவைக்கூட நீட்டாமல் "ஸ்டவுட் பக்கெட் புரோமோஷன் இருக்கு பாஸ்" என்றான். ஸ்டவுட் என்றால் கருப்பு பீர், பக்கெட் என்றால் ஐஸ் வாளியில் மொத்தமாக வரும் போத்தல்கள். பக்கத்து மேசை வெள்ளைக்காரருக்கு மெனுவும் போனது, ருசி பார்க்க இரண்டு சின்ன கிளாஸும் போனது. நமக்கு என்ன வேண்டும் என்று நம் முகத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். கேட்டவரின் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பீர்கள். இல்லைதான், ஆனால் இதை எழுதாமல் விட எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பையனும் தமிழ்ப் பையன்தான் என்பது இன்னும் வலித்தது.

மெனுவைக் கேட்டு வாங்கி, அமெரிக்க ஐபிஏ ஒரு டின் சொன்னேன். 473 மில்லி, 48 வெள்ளி. நல்ல ஐபிஏ என்றால் கிளாஸ் வாய்க்கு வருவதற்கு முன்பே மூக்குக்கு வந்துவிடும்: பொமலோ தோலை உரித்தது மாதிரி, சில வகையில் கொய்யா, மாங்காய். இது ஊற்றும்போதே மங்கிய செம்பு நிறம். வாசனை என்று ஒன்றும் இல்லை, ஏதோ காய்ச்சிய சர்க்கரை நெடி. மாமா ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸை மூக்கருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டு சொன்னார்: "நனைஞ்ச அட்டப்பெட்டி வாடை அடிக்குதுடா."

ஆக்சிஜன் பட்டுப் பழசான பீரைப் பற்றி பீர் படிப்பில் சொல்லிக் கொடுப்பது அதேதான், நனைந்த அட்டை வாடை. மாமா அதைப் படித்தவர் இல்லை. மழைக் காலத்தில் தார்ப்பாய் ஒழுகி நனைந்த பெட்டிகளைத் தூக்கியவர்.

டின்னை எடுத்துக் கவிழ்த்தேன். அடியில் இருக்கிற குழியில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளால் தேதி அடித்திருப்பார்கள். ஈரத்தைத் துடைத்துவிட்டு போன் வெளிச்சத்தில் பார்த்தால், அடைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. (அமெரிக்க டின்னில் மாதம் முதலில் வரும், நாள் அப்புறம். குழப்பிக்கொள்ளாதீர்கள்.) மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எக்ஸ்பையர் ஆகல பாஸ். கிராஃப்ட் பீர்னா இப்படித்தான், பழகிட்டா பிடிச்சிடும்" என்றார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னேன், எந்தப் பெட்டியில் வந்தது என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. மாற்றித் தரவும் இல்லை. மாமா என் முழங்கையைப் பிடித்து "விடுடா, வா போலாம்" என்றார். முழுக் காசையும் கட்டிவிட்டு வந்தோம். எனக்கு 48 வெள்ளி போனது பெரிதாகத் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க உழைத்த மனுஷனிடம், உங்களுக்கு ருசி தெரியாது என்று மறைமுகமாகச் சொல்லி அனுப்பினார்கள் பாருங்கள், அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

பிறகு அவரை நகருக்குள் இன்னொரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே குழாய்க்கு மேலே கரும்பலகையில் ஒவ்வொரு பீப்பாயும் எப்போது திறந்தது என்று எழுதியிருக்கிறது. மாமாவுக்கு இம்பீரியல் ஸ்டவுட் வாங்கிக் கொடுத்தேன், 10 சதவீதம், சின்ன கிளாஸ். எண்ணெய் மாதிரி கெட்டி, கறுப்பு, மேலே பழுப்பு நுரை. ஒரு மணி நேரம் வைத்துக் குடித்தார். நடுவில் ஒரு தடவை "கோப்பித்தூளு, கருப்பட்டி ரெண்டும் வருது" என்றார். விலையைக் கேட்டதும் தலையை ஆட்டினார், ஆனால் இன்னொரு பாதி கிளாஸ் கிடைக்குமா என்று அவரேதான் கேட்டார்.

ஸ்டவுட்டைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆல்கஹால் கூடின, வறுத்த தானியம் போட்ட கருப்பு பீர் சூட்டையும் காலத்தையும் கொஞ்சம் தாங்கும். நம் அப்பா, தாத்தா காலத்திலிருந்து குடிக்கும் கின்னஸ் ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட்டின் மூதாதை 1801-இல் டப்ளினில் காய்ச்சிய வெஸ்ட் இண்டியா போர்ட்டர் என்கிற கருப்பு பீர். வெயில் நாடுகளுக்குக் கடல் தாண்டிப் போய்ச் சேரும்போது கெடாமல் இருப்பதற்காகவே ஹாப்ஸையும் ஆல்கஹாலையும் கூட்டிக் காய்ச்சியது. நமக்கு இன்று வருவது இங்கே சிலாங்கூரில், சுங்கை வேயில் காய்ச்சுவது. ஆகவே மாமா மாதிரி ஆட்களை ஸ்டவுட்காரன் என்று இளக்காரமாகப் பார்க்கிறவர்கள், இந்த வெப்பத்துக்கு என்றே காய்ச்சின பீரைத்தான் இளக்காரம் செய்கிறார்கள்.

அடுத்து "அந்தக் காசுக்கு இரண்டு பெரிய போத்தல் வருமே" என்கிற கணக்கு. என் மச்சான் எப்போதும் இதைத்தான் சொல்வார். கல்யாண வீட்டு வாசலில் காரின் பின்பக்க போனட்டைத் திறந்து ஐஸ்பெட்டியை வைத்துக்கொண்டு நிற்கும்போது அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம், அந்தச் சந்தோஷத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வெள்ளிக்கு எவ்வளவு போதை என்று மட்டும் பார்க்க ஆரம்பித்தால் அந்தக் கணக்கு கடைசியில் சம்சு என்கிற மலிவுச் சாராயத்தில் போய்த்தான் நிற்கும். எங்கள் தோட்டத்தில் அப்படிப் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் பிள்ளைகளோடு நான் பள்ளிக்கூடம் போனவன். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவுச் சரக்கைக் குடித்து முப்பது பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த கூலி வேலைக்காரர்கள். மலிவு விலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்காததற்கு அந்த ஏழைகள் உயிரைக் கொடுத்தார்கள். விலை அதிகமானதை வாங்கச் சொல்லவில்லை. குறைவாகக் குடியுங்கள், குடிப்பதை ருசிக்காகக் குடியுங்கள், அப்போதுதான் 40 வெள்ளிக் கேள்விக்கே அர்த்தம் வரும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஐபிஏ, பேல் ஏல் மாதிரி வாசனைக்காகக் குடிப்பது எதுவானாலும், டின்னைத் திறப்பதற்கு முன்னால் தேதியைக் காட்டச் சொல்லுங்கள். திறந்த பிறகு கேட்டால் எனக்கு நடந்ததுதான் நடக்கும். அடைத்து மூன்று மாதத்துக்குள் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். ஆறு மாதம் தாண்டியிருந்தால், அதுவும் கடையில் குளிர்பெட்டிக்கு வெளியே அலமாரியில் நின்றிருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம். பச்சைப் போத்தல், வெள்ளைப் போத்தலில் வருவதைக் கடை விளக்குக்கு நேராக வைத்திருந்தால் தொடாதீர்கள், வெளிச்சம் பட்டாலே ஹாப்ஸ் நாற ஆரம்பித்துவிடும், பழுப்புப் போத்தலும் டின்னும் பரவாயில்லை. இம்பீரியல் ஸ்டவுட், பெல்ஜிய மடத்து பீர்கள் பழசானாலும் பெரிய நஷ்டம் இல்லை, சிலது வைத்திருந்தால் இன்னும் நன்றாகவே இருக்கும். இறக்குமதியையும் இந்த வட்டாரத்திலேயே காய்ச்சினதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்து ஊர்ச் சரக்கைத்தான் சொல்வேன். அமெரிக்கப் பெயருக்கு ஆசைப்படாதீர்கள். குழாய் பீர் என்றால் ஒரு வாய் ருசி பார்க்கக் கேளுங்கள். நல்ல இடத்தில் கேட்காமலே கொடுப்பார்கள்.

அப்புறம் அளவைப் பாருங்கள். சில இடங்களில் 40 வெள்ளிக்கு 568 மில்லி முழு பைண்ட், சில இடங்களில் அதே 40 வெள்ளிக்கு 330 மில்லி, மெனுவில் அளவே போட்டிருக்க மாட்டார்கள். அந்த 40-ம் உண்மையில் 40 இல்லை. பெரும்பாலான பார்களில் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், சேவை வரி 6 சதவீதம் சேர்ந்து 46 வெள்ளி 40 சென் கட்டிவிட்டுத்தான் வெளியே வருவீர்கள்.