இன்சுலின் வேலையைச் செய்யும் மாத்திரை வருமா? வேதியியல் டீச்சரிடம் கேள்வி பதில்

(நாகர்கோவிலில் கரிம வேதியியல் கற்றுத்தந்து ஓய்வுபெற்ற டீச்சர், நம் ஊர்க்காரர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

தக்கலை: டீச்சர், முற்றத்தில் இன்சுலின் செடி நிற்கிறது. தினம் ஓர் இலை தின்றால் ஊசியை நிறுத்தலாமா?

நிறுத்தவே கூடாது. பேரில்தான் இன்சுலின், இலையில் இல்லை. இருந்தாலும் பயனில்லை. இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். வயிற்றுக்கு அதுவும் சாளைக் கறியும் ஒன்றுதான், செரித்துத் தள்ளிவிடும். 1922 முதல் இன்றுவரை பெரும்பாலும் ஊசியாகவே போடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

நாகர்கோவில், எம்.எஸ்சி. மாணவி: அப்படியானால் செரிக்காத சின்ன மூலக்கூறு ஒன்று இன்சுலின் வேலையைச் செய்ய முடியாதா?

நல்ல கேள்வி மக்கா. முடியும் என்று 1999இல் மெர்க் மருந்து நிறுவன ஆய்வாளர்கள் காட்டினார்கள். காங்கோவின் கின்ஷாசா அருகே பறித்த ஓர் இலையில் இருந்த சூடோமசாரியா என்ற பூஞ்சையிலிருந்து அது கிடைத்தது. பெயர் டிமெதில் ஆஸ்டெரிகுயினோன் பி1. சர்க்கரை நோயுள்ள எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை இறங்கியது.

வேலை செய்யும் விதம்தான் அழகு. இன்சுலின் ஏற்பி, அதாவது இன்சுலினை வாங்கிக்கொள்ளும் புரதம், செல்சவ்வைத் துளைத்து நிற்கும். வெளிப்பக்கம் இன்சுலின் ஒட்டினால் உட்பக்கத்து கைனேஸ் நொதி விழித்து, சர்க்கரையை உள்ளே எடுக்கச் செல்லுக்குச் சைகை கொடுக்கும். இந்தச் சேர்மம் வெளிப்பக்கத்தைச் சட்டை செய்யவே இல்லை. செல்லுக்குள் நுழைந்து அந்தக் கைனேஸையே நேராகத் தூண்டியது.

அதே மாணவி: ஆய்வகத்தில் எப்படிச் செய்வார்கள்?

நடுவில் குயினோன் என்ற ஆறு கார்பன் வளையம், இரு பக்கமும் இண்டோல் என்ற நைட்ரஜன் உள்ள இரட்டை வளையம். இரண்டு இண்டோலும் ஒரே மாதிரி இருந்தால் சுலபம். ஆனால் இதில் ஒன்றின் 2ஆம் இடத்திலும் மற்றதன் 7ஆம் இடத்திலும் வெவ்வேறு ஐந்து கார்பன் கிளைகள். ஒன்றை மாட்டிவிட்டு மற்றதைத் தனியாக மாட்ட வேண்டும். வரிசையைப் பார்த்துச் செய்யாவிட்டால் கலவைதான் மிஞ்சும். வேதியியலாளர் மைக்கேல் பிர்ரங் குழுவினர் இதை முழுமையாகச் செயற்கை முறையில் செய்தார்கள். அத்தோடு விடவில்லை. மூலக்கூறின் ஒவ்வோர் இடத்திலும் ஒரு மெதில் தொகுதியை (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும்) சேர்த்துப் பார்த்தார்கள். எங்கே சேர்த்தால் செயல் கெடுகிறதோ, அந்த இடம் அது ஒட்டும் புரதத்தைத் தொடுகிறது என்று அர்த்தம். எனக்கு மூலக்கூறைவிட இந்த யுக்திதான் பிடிக்கும்.

குளச்சல்: பிறகு ஏன் மருந்துக்கடைக்கு வரவில்லை?

குயினோன்கள் சும்மா இருக்காது. செல்லில் இருக்கும் கந்தகத் தொகுதிகளோடு வினைபுரியும், நச்சாகலாம். இது வேறு புரதங்களிலும் ஒட்டுகிறது, செல் சர்க்கரையை உடைக்க உதவும் ஜி.ஏ.பி.டி.எச். என்ற நொதி அதில் ஒன்று என்று 2007இல் தெரிந்தது. ஆண்டுக்கணக்கில் தின்ன வேண்டிய மருந்துக்கு இதெல்லாம் சரிப்படாது.

மார்த்தாண்டம்: நான் தின்னும் மெட்பார்மின் சர்க்கரை மாத்திரையும் செடியிலிருந்து வந்தது என்கிறார்களே?

வழி அதுதான். ஐரோப்பாவில் வளரும் கலேகா செடியில் குவானிடின் வகைச் சேர்மமான கலேகின் இருக்கிறது, அது நச்சு. அதே குவானிடின் குடும்பத்தில் மெட்பார்மினை 1922இல் டப்ளினில் தயாரித்தார்கள், 1957இல் டாக்டர் ஷான் ஸ்டெர்ன் பிரான்சில் நோயாளிகளுக்குக் கொடுத்ததை வெளியிட்டார். ஆனால் இது இன்சுலின் போலச் செயல்படுவதில்லை. முக்கியமாக, ஈரல் சர்க்கரை விடுவதைக் குறைக்கிறது.

குலசேகரம்: எங்கள் பக்கம் ஏகநாயகம் வேரைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறோமே?

பொன்குறண்டி இனம்தானே. அதில் சலாசினால் என்ற சேர்மம் இருக்கிறது; மாவுச்சத்தைக் குடலில் உடைக்கும் நொதியைத் தடுக்கும். மரச்சீனிக் கிழங்கு தின்ற பிறகு சர்க்கரை மெதுவாக ஏறலாம். இன்சுலின் சுரக்காதவருக்கு அது போதாது.

கருங்கல்: 'இயற்கை இன்சுலின்' பொடி என்று விற்கிறார்கள். வாங்கலாமா?

என்ன சேர்மம், எத்தனை மில்லிகிராம் என்று டப்பாவில் போடவில்லையென்றால் வேண்டாம். ஊசியோடு சேர்த்துத் தின்றால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். ஏற்கெனவே தின்கிறீர்கள் என்றால் உங்கள் டாக்டரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.