திறமை, சொத்து, ஏற்றத்தாழ்வு – கடிதம்

வணக்கம் ஐயா,

ஏற்றத்தாழ்வுக்கு அரசியல்தான் முதல் காரணம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. திறமை ஆளுக்கு ஆள் வேறுபடும். மக்களே விரும்பிக் காசு கொடுத்து ஒருவரைப் பணக்காரர் ஆக்கினால் அதில் அரசியல் எங்கே வந்தது? தவிர, பொருளாதாரம் வளர வளர இடைவெளி தானே குறையும் என்றும் படித்திருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

உங்கள் முதல் கேள்வியை அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974இலேயே ஒரு கற்பனை உதாரணத்தோடு கேட்டுவிட்டார். வில்ட் சேம்பர்லின் என்ற கூடைப்பந்து வீரருக்கு டிக்கெட்டுக்கு 25 சென்ட், பத்து லட்சம் பேர் பார்க்க வருகிறார்கள், ஆட்டங்கள் முடியும்போது அவர் கையில் இரண்டரை லட்சம் டாலர். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, அப்புறம் இதை எப்படி அநியாயம் என்பது? வலுவான வாதம்தான், இதற்கு நேராகப் பதில் சொல்லாமல் நழுவும் இடதுசாரிகளை எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் சொத்து முதலில் கைக்கு வந்த விதமும் முறையாக இருக்க வேண்டும், முறைகேடாக வந்திருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று அதே நோசிக் எழுதியிருக்கிறார். அந்த வீரர் உதாரணத்தைக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதே இல்லை. அடிமை உழைப்பிலும் பறித்த நிலத்திலும் சேர்ந்து, வாரிசு வாரிசாகக் கைமாறி வந்த சொத்தை யார் விரும்பிக் கொடுத்தார்கள்?

சரி, திறமைக்கு வருவோம். திறமை 1950இலும் ஆளுக்கு ஆள் வேறுபட்டது, 1990இலும் வேறுபட்டது. அப்படியிருக்க, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் தாழ்ந்தே கிடந்த மேல்தட்டு 1 சதவீதத்தினரின் வருமானப் பங்கு 1980களில் கிடுகிடுவென ஏறியது எதனால்? ஐம்பதுகளில் அங்கே வருமான வரியின் உச்ச விகிதம் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 1988இல் 28. தொழிற்சங்கங்களும் அதே காலத்தில் தேய்ந்தன. கணினி வந்ததுதான் காரணம் என்பார்கள். கணினி ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும்கூடத்தான் வந்தது, அங்கே மேல்தட்டின் பங்கு அந்த அளவுக்கு ஏறவில்லையே. யாருக்கு எவ்வளவு வரி, யார் சங்கம் வைக்கலாம் என்பதெல்லாம் சட்டமன்றங்கள் முடிவு செய்தவை, நான் அரசியல் என்றது இதைத்தான்.

இடைவெளி தானே குறையும் என்று நீங்கள் படித்தது பொருளாதார அறிஞர் சைமன் குஸ்நெட்ஸ் 1955இல் எழுதிய கட்டுரையிலிருந்து வருவது. அதில் 5 சதவீதம்தான் தரவு, 95 சதவீதம் ஊகம் என்று அவரே சொல்லியிருக்கிறார், நேர்மையான மனிதர். அவர் கண்ட சரிவு இரண்டு உலகப் போர்களும் 1930களின் பொருளாதாரப் பெருமந்தமும் அவற்றையொட்டி உயர்ந்த வரிகளும் சேர்ந்திருந்த காலத்தில் நடந்தது. அந்த வரிகள் குறைந்த பிறகு இடைவெளி மறுபடி விரிந்ததே, வளர்ச்சி அப்போது நின்றா போயிற்று?